கத்தி பட்டால் கட்டி பரவுமா?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. முன்பு பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டினார், இப்போது தொழிற்சாலையில் துப்புரவு வேலை. மார்புக் கட்டியில் ஊசியால் சதை எடுத்துச் சோதித்து, புற்றுநோய் என்று சொல்லி, ஈப்போவில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும், மூணு மாசம் நாட்டு மருந்து பாரு" என்கிறார் பெரியம்மா. அம்மாவும் தயங்குகிறார். தள்ளிப்போடலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம்.

பெரியம்மா கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். நான் தோட்டத்து டிரசராக (தோட்ட மருந்தகத்தில் மருத்துவ உதவியாளராக) இருந்தபோது, ஓர் அம்மா வலிக்காத கட்டியோடு ஒரு வருஷம் பால்மர வெட்டுக்குப் போய்வந்தார். பச்சிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டார். தோல் வெடித்து நாற்றம் வந்த பிறகே என்னிடம் காட்டினார். ஆபரேஷன் நடந்தது. ஆனால் நோய் அதற்குள் எலும்புவரை போயிருந்தது. அவர் இறந்ததும், தோட்டத்து வரிசை வீடுகளான லயமே கத்தியைத்தான் திட்டியது. அந்த ஒரு வருஷம் யார் கணக்கிலும் வரவில்லை.

காற்றோ கத்தியோ படுவதால் புற்றுநோய் பரவுவதில்லை. இரத்தம், நிணநீர் வழியாக அதுவாகவே பரவும். வலி இல்லையே என்றும் ஆறுதல் அடையாதீர்கள். மார்புப் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

உறவுக்காரர்கள் இல்லாத நேரத்தில் அம்மாவிடம் பேசிப் பாருங்கள். கத்தியைவிட, மார்பு போய்விடுமே, ஆண் டாக்டர் பார்ப்பாரே என்ற கூச்சமே பெரிதாக இருக்கலாம். கூடவே பெண் தாதி இருக்கவேண்டும் என்று கேட்கலாம், தப்பில்லை. கட்டி சிறிதானால் அதை மட்டும் எடுத்து, பிறகு கதிர்வீச்சு கொடுப்பதுண்டு. அம்மாவுக்கு அது பொருந்துமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

நாட்டு மருந்து ஏதாவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மறைக்காதீர்கள். சில மருந்துகள் இரத்தப்போக்கைக் கூட்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைத் தானாக நிறுத்தவும் வேண்டாம். எதை எப்போது விடுவது என்று டாக்டர்களே சொல்வார்கள். அக்குளிலும் அறுத்தால் கை இறுகிப்போகும், அதனால் பயிற்சியை வார்டிலேயே கற்றுக்கொண்டு வரவேண்டும். வீட்டுக்கு வந்ததும் உறவுக்காரர்கள் பாவம் பார்த்துக் கையை அசைக்கவே விடாமல் வைப்பார்கள், அதுதான் தொல்லை.

அப்புறம், வேலை. தீபகற்ப மலேசியாவில் 2023 முதல், சாதாரண நோய் விடுப்பு போக, மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள்வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதற்கு மருத்துவமனையில் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த அப்பாயின்மெண்டுக்குப் பெரியம்மாவையும் கூட்டிப்போங்கள். கத்திக் கேள்வியை அவரே டாக்டரிடம் கேட்கட்டும். மலாய் சரளமாக வராவிட்டால், தமிழ் பேசும் தாதியைக் கூப்பிடச் சொல்லுங்கள்.