மேசைமேல் வைக்கும் சிறு ஸ்பீக்கரை வீட்டிலேயே செய்ய முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

தாராளமாக முடியும். நான் இரண்டு ஜோடி செய்திருக்கிறேன். முதல் ஜோடி சரியாக வரவில்லை. இரண்டாவது ஜோடியில்தான் நான்கு ஆண்டுகளாகப் பாட்டுக் கேட்கிறேன். டிரைவர், அதாவது கூம்பு ஆடி ஒலி எழுப்பும் பகுதி, அதே 3 அங்குலம்தான்; ஆம்ப்ளிஃபயரும் அதேதான். மாறியது பெட்டி. ஆகவே பலகையை அறுப்பதற்கு முன்பு கணக்குப் போடுங்கள்.

கைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று முதல் பெட்டியை அரை லிட்டர் கொள்ளளவில் செய்தேன். பாடகரின் குரல் நன்றாகவே வந்தது. மிருதங்கம்தான் குட்டை உடைத்தது. அதன் இடப்பக்கமான தொப்பியில் விழுந்த ஒவ்வொரு அடியும் ஒரே சுருதியில் ‘டொம்’ என்றது. நாதம் வழுக்கிக்கொண்டு போகும் கும்கி இருந்த இடமே தெரியவில்லை.

மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங்கைப் போல வேலை செய்கிறது. பெட்டி சிறுக்கச் சிறுக்க அது விறைத்துக்கொள்ளும். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் கூம்பு தேவைக்கு மேல் ஆடும். எவ்வளவு காற்று வேண்டும் என்பதை டிரைவரோடு வரும் விவரத் தாளே சொல்லிவிடும். ஆஸ்திரேலியாவில் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் எழுதிய கட்டுரையும், 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் செய்த ஆய்வும் தந்த கொடை அது. அதில் மூன்று எண்களைப் பாருங்கள். எஃப்எஸ் என்பது டிரைவரின் இயல்பான அதிர்வெண். கியூடிஎஸ், கூம்பின் ஆட்டம் எவ்வளவு அடங்கும் என்பதன் அளவு. விஏஎஸ், கூம்பைத் தாங்கும் விளிம்பின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு.

0.707-ஐக் கியூடிஎஸ்ஸால் வகுத்து, வர்க்கமாக்கி, அதிலிருந்து 1-ஐக் கழியுங்கள். வரும் எண்ணால் விஏஎஸ்ஸை வகுத்தால் பெட்டியின் கொள்ளளவு கிடைக்கும். என் டிரைவருக்கு எஃப்எஸ் 100 ஹெர்ட்ஸ், கியூடிஎஸ் 0.5, விஏஎஸ் 2 லிட்டர். கணக்குப்படி 2 லிட்டர் பெட்டி வேண்டும். அதில் டிரைவரின் இயல்பான அதிர்வெண் 141 ஹெர்ட்ஸில் நிற்கும். நான் செய்த அரை லிட்டர் பெட்டியில் அது 224 ஹெர்ட்ஸுக்கு ஏறியிருந்தது. அந்த ‘டொம்’ பிறந்த இடம் அதுதான்.

உள்ளளவு 10 × 12.5 × 16 செ.மீ. வைத்தால் 2 லிட்டர் வரும். டிரைவரின் காந்தம் அடைக்கும் இடத்துக்காக ஆழத்தைச் சற்றுக் கூட்டினேன். மரநாரை அழுத்திச் செய்த 12 மி.மீ. எம்டிஎஃப் பலகையை, வாங்கிய கடையிலேயே ஒரே மூச்சில் அறுத்து வாங்கினேன். எம்டிஎஃப் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். வீட்டில் அறுத்தால் முகக்கவசம் இல்லாமல் வேண்டாம். உள்ளே இலவம்பஞ்சைப் பிய்த்துத் தளர்வாக நிரப்பினேன்.

ஒட்டி முடித்ததும் கூம்பை விரல்களால் மெதுவாக உள்ளே அழுத்தி விட்டுப் பார்த்தேன். ஒன்று தயங்கித் தயங்கித் திரும்பியது. மற்றொன்று சட்டென்று திரும்பியது. அப்படியானால் எங்கோ காற்று கசிகிறது. பின்பக்க ஒயர் முனையைச் சுற்றி மயிரிழை இடைவெளி இருந்தது. எம்-சீல் வைத்து அடைத்த பிறகு இரண்டும் ஒன்றுபோலத் தயங்கின. அன்றிரவு அதே கச்சேரியைக் கேட்டேன். கும்கி வந்தது. எழுந்து போய்ப் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஆம்ப்ளிஃபயருக்கு டிபிஏ3116 சிப் உள்ள சிறு போர்டும் பழைய மடிக்கணினியின் 19 வோல்ட் சார்ஜரும் மேசைக்குத் தாராளம். துளைக் குழாய் வைத்த பெட்டியை முதல் முயற்சியில் தொட வேண்டாம்; அதற்குக் கணக்கும் அதிகம், பிழைக்கு இடமும் அதிகம்.

குறுகிய முகப்புள்ள பெட்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஏறத்தாழ 900 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி முன்னால் மட்டும் போகாமல் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் பரவுவதால் குரல் மெலிந்து கேட்கும். 8 ஓம் டிரைவருக்கு 1 மில்லிஹென்றி காயிலையும் 4.7 ஓம் ரெசிஸ்டரையும் ஒன்றுக்கொன்று பக்க இணைப்பாகச் சேர்த்து, டிரைவருக்குப் போகும் ஒயரில் தொடராக இணைத்தேன். குரலுக்குச் சதை பிடித்தது. சுவரை ஒட்டி வைப்பவர்களுக்கு இது தேவைப்படாமலும் போகலாம். முதலில் இல்லாமலே ஒரு வாரம் கேளுங்கள்.

ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் முன்பு 1.5 வோல்ட் பேட்டரியை இரண்டு ஸ்பீக்கர்களின் ஒயர் முனைகளிலும் ஒரே மாதிரி ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். இரண்டு கூம்புகளும் ஒரே திசையில் நகர வேண்டும். பிறகு பெட்டியின் முன்புறத்தைச் சற்று உயர்த்தி, கூம்பு உங்கள் காதைப் பார்க்கும்படி வையுங்கள். மேசைப் பலகையில் பட்டுத் தெறிக்கும் ஒலி அதிலேயே நன்றாகக் குறையும்.