இலை போனால் உயிர் போச்சா?

தோட்டம்: கேள்வி – பதில்

கேள்வி: என் மாமனார் இருபது வருஷமாக வளர்த்த ஆலமரப் போன்சாய் இது. ஐப்பசியில் அவர் தவறிவிட்டார். மழையில் வீணாகிவிடுமோ என்று மாடியிலிருந்து இறக்கி ஹாலில் ஏ.சி.க்கு நேர் எதிரே வைத்தேன். பதினைந்தே நாளில் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. தெம்பு வரட்டும் என்று டி.ஏ.பி. உரம் போட்டு, தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன். இப்போது ஒரு கிளை கறுத்துவிட்டது. மண்ணில் ஒரு வாடையும் வருகிறது. "அப்பாவோடயே போயிடுச்சு, தூக்கிப் போடு" என்கிறார் என் கணவர். பிழைக்குமா?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் அந்தச் சொம்பைக் கீழே வையுங்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசுவோம்.

மழைக்குப் பயந்து இறக்கினீர்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது உங்கள் ஊரில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதையும் அந்த மாடியிலேயே நின்று பார்த்த மரம்தான் இது. மழை அதற்குப் பகையில்லை, உங்கள் ஹால்தான் பகை. ஆல், அரசு வகையறா இடம் மாறினாலே இலையைக் கொட்டும். வெளிச்சம் குறைந்து, ஏ.சி. காற்றும் பட்டால் கேட்கவே வேண்டாம். அதோடு விட்டிருந்தால் தானாகவே துளிர்த்திருக்கும். இலையில்லாத மரம் தண்ணீரை உறிஞ்சாது. ஊற்றியதெல்லாம் தொட்டியிலேயே தங்கி, வேர் மூச்சு முட்டி அழுகத் தொடங்கியிருக்கிறது. வாடை அதனால்தான். டி.ஏ.பி. போட்டது, காய்ச்சலில் படுத்தவருக்குப் பிரியாணி போட்ட கதை.

இப்போது சோதனை. கட்டைவிரல் நகத்தால் நுனிக்கிளையில் பட்டையை எள்ளளவு சுரண்டுங்கள். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் அந்த இடம் வரை உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் ஒரு விரற்கடை கீழே இறங்கிச் சுரண்டுங்கள். இப்படியே இறங்கி வாருங்கள். அடிமரத்தில் ஆரம்பிக்காதீர்கள், தழும்பு நின்றுவிடும், உங்கள் மாமனார் மன்னிக்க மாட்டார். இன்னொரு வழியும் உண்டு. ஆல் பால்மரம் ஆயிற்றே, குண்டூசியால் லேசாகக் குத்தினால் பால் கசியும். கசிந்தால் சந்தோஷம். கசியாவிட்டால் உடனே பதற வேண்டாம், வாடிய மரத்தில் பால் வற்றியிருக்கும். பச்சைதான் கடைசிச் சாட்சி.

அடிமரம் பச்சை என்று தெரிந்தால் அன்றைக்கே தொட்டியிலிருந்து எடுங்கள். மற்ற நேரமாக இருந்தால், மாசி பங்குனியில் வெயில் ஏறும்போது மண் மாற்றுங்கள் என்பேன். அழுகல் வந்த பிறகு மாதம் பார்ப்பதற்கில்லை. மண்ணை உதிர்த்து வேரைத் தொட்டுப் பாருங்கள். நல்ல வேர் விறைப்பாக இருக்கும். அழுகியதை இரண்டு விரலால் இழுத்தால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்து, நடுவில் நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சும். அதையெல்லாம் சுத்தமான கத்தரியால், விறைப்பான இடம் வரும்வரை நறுக்குங்கள். பாதி வேர் போனாலும் கை நடுங்க வேண்டாம்.

பழைய மண் வேண்டாம். செங்கலை உடைத்து, தூளைச் சலித்துவிட்டுக் கடலை அளவு சில்லுகள் இரண்டு பங்கு, பருமனான ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு கைப்பிடி. கடற்கரை மணலை மட்டும் அள்ளிவந்துவிடாதீர்கள். புதுச்சேரியிலிருந்து வரும் கடிதங்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். மரம் ஆடாதபடி கம்பியால் தொட்டியோடு கட்டுங்கள். ஆடினால் புதுவேர் அறுந்துகொண்டே இருக்கும். ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விட்டு, நேர் வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள தாழ்வாரத்தில் வையுங்கள். மேலே கண்ணாடிக் காகிதப் பையைத் தளர்வாகப் போர்த்துங்கள். அடுத்த தண்ணீர், விரலை விட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்த பிறகுதான். புது இலை விரிந்து முற்றும்வரை உரத்தின் பக்கமே போகக்கூடாது.

கறுத்த கிளையைப் பச்சை தெரியும் இடத்தில் வெட்டிவிடுங்கள். ஜப்பானியர்கள் செத்த கிளையின் பட்டையை உரித்து வெள்ளையாக நிறுத்தி அதற்கு 'ஜின்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆலின் கட்டை மென்மையானது, நம் கடலோர ஈரத்தில் உளுத்துவிடும். புளிக்கு அது சரிவரும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் மாடியில் ஒரு புளி, தட்டோடு போய்ச் சுவரில் மோதி முதல் கிளைக்கு மேலே முறிந்தது. அந்த முறிவை இன்றைக்கும் உரித்த வெள்ளையாகவே வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

அடிமரத்தைச் சுற்றிலும் பட்டை ஈரமாகக் கழன்று வந்தால், வேரில் ஒன்றுகூட விறைப்பாக இல்லையென்றால், அந்த அடி போய்விட்டது. அப்போதும் மேலே பச்சையுள்ள கிளை இருந்தால் பென்சில் கனத்தில் போத்து வெட்டி ஈர மணலில் ஊன்றுங்கள். ஆல் போத்து சுலபமாக வேர்விடும். அதுவும் மாமனார் மரம்தான், வேறு மரமில்லை. கார்த்திகைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். தை முழுக்க அசையாமல் நின்றாலும் வைத்திருங்கள். மாசி முடிவதற்குள் கணுவில் பச்சை முனை தெரிய வேண்டும். கணவரிடம் அதுவரை தவணை கேளுங்கள்.

கேள்வி: கண்காட்சியில் ஜூனிபர் போன்சாய் வாங்கினேன். பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் தொட்டால் பொலபொலவென்று உதிர்கிறது.
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: போய்விட்டது தம்பி. ஆல் மொட்டையாக நின்றாலும் உயிரோடு இருக்கும், ஜூனிபர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாக நிற்கும். நானும் ஒன்றுக்கு இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றி ஏமாந்தவன்தான். பனிக்காலத்தில் ஓய்வெடுத்துப் பழகிய மரம் அது, நம் ஊர் வெக்கையில் எங்கே ஓய்வெடுக்கும்? அடுத்த முறை புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ என்று பாருங்கள்.

கேள்வி: போன்சாய் வைத்த வீட்டில் வளர்ச்சி குறுகும் என்று வாஸ்துக்காரர் சொல்கிறார். எங்கள் அரச போன்சாய் இலை ஓரம் கருகுவது அதனாலா? தொட்டி விளிம்பில் வெள்ளையாக வேறு படிகிறது.
– வாசகி, முதலியார்பேட்டை, புதுச்சேரி

பதில்: 1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு வீட்டில் வெண்பைன் போன்சாய் இருந்தது. மரமும் பிழைத்தது, அந்தக் குடும்பமும் பிழைத்தது. 1976-ல் அதை அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள், இன்றும் வாஷிங்டனில் இருக்கிறது. அந்த வாஸ்துக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

வெள்ளைப் படிவு உப்பு, போர்வெல் தண்ணீர் தந்தது. இலை ஓரம் கருகுவதும் அதனால்தான். மாடியில் மழைநீரைப் பிடித்து, அடித்துளையில் வழிந்தோடும்படி அரைமணி இடைவெளியில் மூன்று முறை ஊற்றிக் கழுவுங்கள். விளிம்பில் படிந்ததைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் வந்துவிடும்.