ஒரே மெட்டில் ஐந்தாறு பாட்டு: இந்தித் திரையிசைக் கேள்வி பதில்

பழைய இந்திப் பாட்டு ஒன்று பின்னால் வந்த இந்திப் பாட்டுக்குள் எப்படிப் புகுந்தது? இன்றைக்கு அதை மட்டும் கேளுங்கள். அரபுப் பாட்டு, ஆங்கிலப் பாட்டு எல்லாம் இன்னொரு நாள்.

கே: 'சாகர் கினாரே' பழைய பாட்டு ஒன்றின் காப்பி என்கிறார்களே?

ப: பேரன் என்று சொல்லுங்கள். தாத்தா, 1951-ல் 'நவ்ஜவான்' படத்துக்காக எஸ்.டி. பர்மன் இசையில் லதா பாடிய 'டண்டீ ஹவாயேன்'. இசையமைப்பாளர் ரோஷனுக்கு அந்த மெட்டு மேல் தீராத ஆசை. 1954-ல் 'சாந்த்னி சௌக்'கில் 'தேரா தில் கஹான் ஹை' என்று போட்டார். அப்படியும் விடவில்லை, 1966-ல் 'மம்தா'வில் 'ரஹேன் ந ரஹேன் ஹம்'. நடுவில் 1964-ல் மதன் மோகன், ரஃபியை வைத்து 'யஹீ ஹை தமன்னா'. கடைசியில் வீட்டுப் பிள்ளையே வந்து சேர்ந்தார்: எஸ்.டி.யின் மகன் ஆர்.டி. பர்மன் 1983-ல் 'ஹமேன் அவுர் ஜீனே கீ', 1985-ல் 'சாகர் கினாரே'.

மேசையில் தட்டிப் பாருங்கள். 'டண்டீ ஹவாயேன், லஹ்ரா கே ஆயேன்': தானா தனானா, தானா தனானா. 'சாகர் கினாரே, தில் யே புகாரே' அதே கணக்கு. ஒன்றின் வரியை மற்றதன் மெட்டில் பாடினால் எங்கேயும் இடிக்காது. ஆனால் சரணம் வந்ததும் ஆளுக்கொரு வழியில் போய்விடுவார்கள். அவரவர் கைவரிசை அங்கேதான்.

கே: இரண்டு பாட்டும் யமன் ராகம் என்றால் காப்பிதானே?

ப: இல்லை. யமன் என்பது நம் ஊர்க் கல்யாணி மாதிரி. கல்யாணியில் இருப்பதெல்லாம் ஒரே பாட்டா? ராகத்தை வைத்துத் திருட்டுப் பட்டம் கட்டாதீர்கள்.

கே: 'வாட் ஜும்கா' பற்றி?

ப: 1966 'மேரா சாயா'வின் 'ஜும்கா கிரா ரே'. மதன் மோகன் மெட்டு, ஆஷா குரல். 2023-ல் ப்ரீதம் அதை ஒளிக்காமல் எடுத்தாண்டார். அவ்வளவுதான்.

கே: இளையராஜா பாட்டை இந்திக்காரர்கள்...

ப: இந்தியிலிருந்து இந்திக்கு. முதல் பத்தியைப் பாருங்கள்.

கே: ரீமிக்ஸ் செய்ய இசையமைப்பாளர் அனுமதி வேண்டாமா?

ப: பெரும்பாலும் உரிமை பாட்டு நிறுவனத்திடம் இருக்கும். 2009 'டெல்லி-6' படத்தின் 'மசக்கலி'யை 2020-ல் புதுப்பித்தபோது, மூலப் பாட்டையே கேளுங்கள் என்று ரஹ்மான் ட்விட்டரில் எழுதினார். அவரால் முடிந்தது அதுதான். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ராயல்டியில் பங்காவது உண்டு.

கே: மதன் மோகனை ஏன் காப்பாற்றுகிறீர்கள்? 'துஜே க்யா சுனாவூன்' அப்பட்டமான திருட்டு!

ப: யாரையும் காப்பாற்றவில்லை. 1952 'சங்தில்' படத்தில் சஜ்ஜாத் ஹுசைன் இசையில் தலத் மஹ்மூத் பாடியது 'யே ஹவா யே ராத் யே சாந்த்னி'. 1958 'ஆக்ரீ தாவ்' படத்தில் ரஃபி பாடியது நீங்கள் சொல்வது. இரண்டாவது முதலாவதிலிருந்து வந்தது, சந்தேகமே இல்லை. சஜ்ஜாத் கோபித்துக்கொண்டதாகவும், 'திருடுவதற்கு உங்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்' என்று மதன் மோகன் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உலவுகிறது.

கே: (இன்னொருவர்) சந்தம் ஒன்றானால் மெட்டும் ஒன்றாகத்தானே வரும்? பாட்டெழுதியவரைக் கேளுங்கள்!

ப: பாதி சரி. இரண்டும் 'தனதானனா' நான்கு முறை, உருதுக் கவிதையில் வழக்கமான அளவு. ஆனால் அந்த அளவில் எத்தனையோ கஸல்கள் உண்டு, அவை எல்லாம் இப்படிக் கேட்பதில்லை. குரல் எந்த இடத்தில் ஏறுகிறது, எங்கே தயங்குகிறது என்பதைச் சந்தம் சொல்லித்தராது. அதை மதன் மோகன் சஜ்ஜாத்திடம்தான் எடுத்தார்.

கே: அப்போ திருட்டு என்று ஒப்புக்கொள்கிறீர்கள்!

ப: எடுத்தார் என்றேன். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தலத் மெல்லிய நடுக்கத்தோடு தனக்குள்ளேயே பாடுகிறார், ரஃபி எதிரில் இருப்பவளிடம் முறையிடுகிறார். எனக்கு இரண்டும் வேண்டும். சண்டையைத் தொடர விரும்புகிறவர்கள் தொடருங்கள், நான் மேலே போகிறேன்.

கே: 'வீர்-ஜாரா' பாட்டுகள் பழையவையா?

ப: மெட்டு பழையது. மதன் மோகன் 1975-லேயே போய்விட்டார். பயன்படாமல் கிடந்த அவருடைய மெட்டுகளை மகன் சஞ்சீவ் கோலி எடுத்துக்கொடுக்க, ஜாவேத் அக்தர் வரிகள் எழுதி 2004-ல் வந்தன. இதையும் திருட்டு என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

கே: இரண்டும் பைரவி ராகம் என்றால்...

ப: யமனுக்குச் சொன்னதேதான் பைரவிக்கும்!

கே: நீங்கள் சொன்னபடி 'சாகர் கினாரே' வரியை 'டண்டீ ஹவாயேன்' மெட்டில் பாடினேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, 'இது எந்தப் படம், கேட்டதே இல்லையே?' என்றாள்.

ப: எந்தப் படம் என்று சொல்லி வைத்தீர்கள்?