தீவனத் தட்டைப்பயறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

விதைத்து 25 நாள் ஆகிறது. இலையெல்லாம் வெளிறிக் கிடக்கிறது. யூரியா போடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். நாலைந்து செடிகளை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடித்து இழுத்தால் வேர் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது என்று பொருள். அப்படியிருந்தும் செடி வெளிறினால் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். இந்தப் பயிர் வறட்சியைத் தாங்கும், வேரில் தண்ணீர் தேங்குவதைத் தாங்காது. வெள்ளையாக இருந்தால் முடிச்சு இன்னும் வேலையைத் தொடங்கவில்லை, ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். முடிச்சே இல்லையென்றால் மட்டும் கொஞ்சம் யூரியா கொடுக்கலாம். அள்ளிக் கொட்டினால் செடி முடிச்சு வைப்பதையே விட்டுவிடும். கேட்டால் கிடைக்கும்போது யார் உழைப்பார்கள்?

அடுத்த முறை, தட்டைப்பயறுக்கு உரிய ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள். பூஞ்சாணக்கொல்லியை அதோடு சேர்க்க வேண்டாம். அதை ஒரு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

எப்போது அறுக்க வேண்டும்? காய் பிடித்த பிறகு அறுத்தால் சத்து கூடுதல்தானே?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். தீவனத்துக்கு வளர்க்கும்போது நமக்கு வேண்டியது இலை. பாதிச் செடிகள் பூத்ததும், ஏறக்குறைய 50 முதல் 55 நாளில், அறுத்துவிடுங்கள். தாமதித்தால் அடியிலை உதிரும், தண்டு நாராகும். எடை கூடியதாகத் தெரிந்தாலும் மாடு தண்டை ஒதுக்கிவிடும்.

அறுத்த பிறகு மறுதாம்பு துளிர்த்து வருமா?

நம்ப வேண்டாம். ஒரே அறுப்புதான்.

பசுவுக்கு இதை மட்டும் போடலாமா?

கூடாது. வெறும் வயிற்றில் இளம் பயறுத் தீவனத்தை வயிறு நிறையத் தின்றால் உப்புசம் வரலாம். குதிரைமசால் என்ற தீவனப் பயிரோடு ஒப்பிட்டால் இதில் அந்த ஆபத்து குறைவு, ஆனாலும் விளையாட்டில்லை. முதலில் கொஞ்சம் வைக்கோல், அப்புறம் மூன்று பங்கு சோளத்தட்டையோ மக்காச்சோளத்தட்டையோ ஒரு பங்கு இதோடு நறுக்கிக் கலந்து கொடுங்கள். விதைக்கும்போதே மூன்று வரிசை மக்காச்சோளத்துக்கு ஒரு வரிசை இது என்று போட்டுவிட்டால் கலக்கும் வேலையும் மிச்சம்.

குருத்தில் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பியிருக்கிறது. மருந்து அடிக்கலாமா?

பொறிவண்டுகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அசுவினியைத் தின்னும் வேலையை அவற்றிடமே விட்டுவிடலாம். பரவிக்கொண்டே போனால் சோப்பு கலந்த வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளியுங்கள். பூக்கத் தொடங்கியிருந்தால் எதையும் அடிக்காமல் அறுத்துப் போடுவதுதான் என் யோசனை. ரசாயன மருந்து ஏற்கெனவே அடித்திருந்தால், டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியும்வரை மாட்டுக்குக் காட்டாதீர்கள்.