இணைப்பின் பொடி எழுத்தையும் படியுங்கள்

(நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது கோத்தகிரியில் வசிப்பவர் நீலகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

குன்னூர் கல்லூரி மாணவி: ஐயா, செய்தியைவிடக் கேளிக்கை பெரிதானது எப்போது?

ஒரே நாளில் ஆகவில்லை அம்மா. 1994இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா தில்லியில் விலையைக் குறைத்தது. மற்றவர்களும் குறைக்க வேண்டியதாயிற்று. வாசகருக்கு லாபம்தானே என்று தோன்றும். தாள், மை, அச்சு, லாரி எல்லாவற்றுக்கும் ஆகும் செலவில் நாம் கொடுப்பது சிறு பங்கு. மிச்சத்தைத் தருபவர் விளம்பரதாரர். யார் பணம் தருகிறாரோ அவர் பேச்சுதான் எடுபடும். 2003இல் அதே நிறுவனம் மீடியாநெட் என்ற பிரிவைத் தொடங்கி, நாளிதழோடு தரும் வண்ண இணைப்பில் வரும் பிரபலங்களின் செய்திக்கே விலை வைத்தது. அடுத்து வந்தது பிரைவேட் ட்ரீட்டி: ஒரு கம்பெனியின் பங்கை வாங்கிக்கொண்டு விளம்பர இடம் தருவது. பங்கு கையில் இருக்கும்போது அந்தக் கம்பெனியைப் பற்றிக் குறை எழுதப் பேனா ஓடுமா? 2010இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி தலையிட்டு, பங்கு வைத்திருப்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. 2012இல் டைம்ஸ் முதலாளிகளில் ஒருவரான வினீத் ஜெயின் ஓர் அமெரிக்க இதழிடம், தாங்கள் இருப்பது பத்திரிகைத் தொழிலில் அல்ல, விளம்பரத் தொழிலில் என்றார். ஒளிக்காமல் சொன்னதால் அவர்மேல் எனக்குக் கோபம் குறைவு. ஒளித்துக்கொண்டு அதையே செய்பவர்கள் வேறு.

எந்த இணைப்பை எடுத்தாலும் பெயருக்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். விளம்பரப் பகுதி என்றால் அங்கேதான் சொல்லியிருப்பார்கள்.

உதகை வாசகர்: எந்த நாளிதழ் நல்லது?

இரண்டு வாங்குங்கள். ஒரே நிகழ்ச்சியை இரண்டும் எப்படிப் போட்டிருக்கின்றன என்று பாருங்கள்.

கூடலூர் ஆசிரியர்: காசு வாங்கிச் செய்தி போட்டால் தண்டனை உண்டா?

2009 மகாராஷ்டிரத் தேர்தலின்போது போட்டிப் பத்திரிகைகளில் ஓர் அரசியல்வாதியைப் பற்றிய ஒரே புகழுரை வரிக்கு வரி வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் ‘தி இந்து’வில் அம்பலப்படுத்தினார். பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சில் நியமித்த இருவர் 2010இல் பெயர் விவரங்களோடு 71 பக்க அறிக்கை கொடுத்தார்கள். கவுன்சில் பெயர்களை விட்டுவிட்டுச் சுருக்கத்தை வெளியிட்டது. மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகே, 2011இல், முழு அறிக்கை வெளியே வந்தது. கவுன்சிலால் கண்டிக்க முடியும்; அபராதம் போட முடியாது. அதே ஆண்டு உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ், இத்தகைய செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டாததால் தேர்தல் ஆணையத்தால் தகுதி நீக்கப்பட்டார். கொடுத்தவர் மாட்டினார். வாங்கியவர்களின் பத்திரிகை மறுநாளும் வந்தது.

அருவங்காடு வாசகர்: எங்கள் ஊர் நிருபர் செய்தி கேட்க வந்தால் விளம்பரமும் கேட்கிறாரே?

தாலுகா நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சான அளவுக்குத்தான் காசு. விளம்பரக் கமிஷனில்தான் அடுப்பெரிகிறது. அவரைத் திட்டாதீர்கள்.

குன்னூர் வாசகர்: எந்த நாளிதழை நம்பலாம்?

மேலே சொல்லியாயிற்று.

கோத்தகிரி தேயிலை விவசாயி: பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு உண்ணாவிரதம் இருந்தோம். உள்பக்கத்தில் நாலு வரி. உறைபனிப் படம் மட்டும் ஒவ்வொரு மார்கழியும் நான்கு பத்தி அகலத்துக்கு வருகிறது.

மலையில் விளம்பரம் தருகிறவர்கள் குறைவு. படம் பார்க்கும் கூட்டம் கீழே சமவெளியில் இருக்கிறது. பருத்தியிலும் இதே நடந்தது. மும்பை லாக்மே ஃபேஷன் வாரத்தில் பருத்தி உடைகளைப் பார்க்க 512 செய்தியாளர்கள் போனார்கள். அதே பருத்தியை விளைவித்த, மகாராஷ்டிரத்தின் விதர்பா விவசாயிகளின் தற்கொலையைப் பார்க்க விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே போனார்கள் என்று சாய்நாத் சொல்லிக் காட்டினார்.

உதகை விடுதி உரிமையாளர்: உறைபனிப் படம் வந்தால்தான் எனக்கு அறை நிரம்பும். அது அற்பமா?

படத்தை யார் வேண்டாம் என்றார்கள்? 2024இல் உயர் நீதிமன்றம் இ-பாஸ் கொண்டுவரச் சொன்னது, இந்த மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்ற கேள்வியால். நான் படித்த செய்திகளில் பாதிக்கு மேல் பாஸ் எடுப்பது எப்படி என்பதோடு நின்றுவிட்டன. உங்கள் தொழிலுக்கே அந்தக் கேள்விதான் முக்கியம்.

தேயிலை விவசாயி: அவர் அறை நிரம்பினால் என் இலைக்கு விலை வருமா?

விடுதி உரிமையாளர்: இலைக்கு விலை இல்லாத உங்கள் ஊர்ப் பையன்கள் என்னிடம்தானே வேலை பார்க்கிறார்கள்?

தேயிலை விவசாயி: அதைத்தான் ஐயா எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை!

இருவரும் கோத்தகிரி டானிங்டனில் டீ குடித்துக்கொண்டே தொடருங்கள். நிருபர் யாராவது பக்கத்தில் இருந்தால் இந்தச் சண்டையே நல்ல கட்டுரை.

உதகை வாசகி: ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை நம்பி நிலம் வாங்கலாமா?

பொடி எழுத்து, அம்மா. பொடி எழுத்து.

தேயிலை விவசாயி: நாலு வரி போட்டதற்குப் பிரஸ் கவுன்சிலில் புகார் கொடுக்கலாமா?

குறைவாகப் போட்டதற்கு எடுபடும் என்று சொல்ல முடியாது. தவறாகப் போட்டிருந்தால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். திருத்தாவிட்டால், வெளிவந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பக்கத்தின் நகலையும் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் சேர்த்து வையுங்கள்.