எம்.எஸ்சி. நர்சிங் படித்தால் சம்பளம் கூடுமா?

பி.எஸ்சி. முடித்துத் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருப்பதாகவும், எம்.எஸ்சி. படித்தால் பிரயோஜனம் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். "இன்னும் என்ன படிப்பு, அதே பெட்பேன்தானே" என்று உங்கள் வார்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள்.

வார்டிலேயே இருந்து சம்பளம் மட்டும் ஏற வேண்டுமென்றால் படிக்காதீர்கள். தமிழக அரசு மருத்துவமனைகளுக்கான எம்ஆர்பி தேர்வோ, எய்ம்ஸுக்கான நார்செட் தேர்வோ, நர்ஸ் வேலைக்கு ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ அல்லது பி.எஸ்சி. தகுதியே போதும். எம்.எஸ்சி.க்கு முக்கியமான இடம் நர்சிங் கல்லூரி. ட்யூட்டர், அசிஸ்டென்ட் புரொஃபசர் என்று போய் பிரின்சிபால் வரைக்கும் வரலாம். ஐசியூவை விட மனசில்லாதவர்களுக்கு நர்ஸ் ப்ராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர் என்ற முதுநிலைப் படிப்பு இருக்கிறது, அதுவும் எம்.எஸ்சி. போல 2 ஆண்டுதான். ஆனால் அதற்கென்று தனிப் பதவி வைத்திருக்கும் மருத்துவமனைகள் குறைவு. ஜிஎன்எம் படித்தவர்களை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். எனக்கு ஒழுங்காகக் கேனுலா போடக் கற்றுக்கொடுத்ததே ஒரு ஜிஎன்எம் சிஸ்டர்தான்.

எனக்கு ராயபுரம். ஐசியூவில் இருந்துவிட்டு எம்.எஸ்சி.யில் மனநல நர்சிங் எடுத்தேன். "கீழ்ப்பாக்கத்துக்கா போற?" என்று அத்தை கேட்டு, தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். வென்டிலேட்டர், பம்ப் என்று கை ஓயாமல் இருந்தவளுக்கு அங்கே உட்கார்ந்து கேட்பதுதான் வேலை. ப்ராசஸ் ரெக்கார்டிங் என்று ஒன்று எழுதச் சொல்வார்கள்: நோயாளி சொன்னது, நான் சொன்னது, ஏன் அப்படிச் சொன்னேன் என்பது, வரி வரியாக. ஒரு பெரியவர் "வீட்டுக்கு எப்போ அனுப்புவீங்க" என்று கேட்டதற்கு, "சாப்டீங்களா?" என்று நான் பேச்சை மாற்றியிருந்தேன். மேடம் அந்த வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, "யாருக்குப் பயம்?" என்று எழுதியிருந்தார். பாடம் நடத்தும் ஆசை எனக்கு அங்கேதான் வந்தது.

படித்துவிட்டுப் பழைய மருத்துவமனைக்கே போனேன். "எம்.எஸ்சி.க்குத் தனி கிரேடு கிடையாதும்மா" என்றார் எச்ஆர். இவர்கள்தான் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையில் பஸ் மாட்டி நான் லேட்டானால் அரை நாள் சம்பளத்தை வெட்டியவர்கள். எங்கள் பக்கம் அந்த லாரிகளுக்குத்தான் ரோடு, மனுஷங்களுக்கு மிச்சம். அதைச் சொன்னால் "வீட்டை மாத்திடுங்க" என்பார்கள். வாடகையை யார் கொடுப்பது?

அப்புறம் கல்லூரிக்கு மாறினேன். முதலில் சேர்ந்த இடத்தில் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, விலகும்போது இழுத்தடித்தார்கள். அம்மா போய் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்த பிறகுதான் கைக்கு வந்தன. இப்போது இருக்கும் கல்லூரியில் அந்தத் தொல்லை இல்லை. சம்பளம் பெரிதாக இல்லை, ஆனால் நைட் டூட்டி கிடையாது.

சேருவதென்றே முடிவு செய்தால், பி.எஸ்சி.யில் 55 சதவீதம், நர்சிங் கவுன்சில் பதிவு, ஓராண்டு அனுபவம் மூன்றும் வேண்டும். அனுபவச் சான்றிதழை இப்போதே லெட்டர்ஹெட்டில் வாங்கிவிடுங்கள். ராஜினாமா கொடுத்த பிறகு கேட்டால் அலையவிடுவார்கள்.