லிங்கன் போல வீட்டிலேயே படித்து வக்கீல் ஆகலாமா?

லிங்கன் சட்டக் கல்லூரிக்கே போகவில்லை, நானும் போக மாட்டேன் என்று உங்கள் மகன் அடம்பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். அவனுக்கு டேவிட் டேவிஸைக் காட்டுங்கள். லிங்கன் வாதாடிய நீதிமன்றத்தின் நீதிபதி அவர்.

டேவிஸ் 1815-ல் மேரிலாந்தில் பிறந்தார். 1832-ல் கென்யன் கல்லூரியில் பட்டம் பெற்று, மாசசூசெட்ஸின் லெனாக்ஸ் ஊரில் ஹென்றி பிஷப் என்ற வக்கீலிடம் 2 ஆண்டு ஜூனியராக இருந்தார். அதன்பின் நியூ ஹேவன் சட்டப் பள்ளியில் சில மாதங்கள். 20 வயதில் இல்லினாய் போனார். அப்போது அங்கே சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமம், வாங்குவது பெரிய காரியமில்லை. நன்னடத்தைச் சான்றும் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரின் கையெழுத்தும் போதும். கட்சிக்காரர் வருவதுதான் பாடு. பீக்கின் ஊரில் மலேரியாவோடு தொழிலும் படுத்துவிட, 1836-ல் புளூமிங்டன் போய் ஜெஸ்ஸி ஃபெல்லின் வக்கீல் தொழிலை எடுத்து நடத்தினார்.

1840 தேர்தலில் தோற்றார், 1844-ல் சட்டமன்றம் சென்றார். 1847-ல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுதிய அவையில் இருந்தார். நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்று அந்தச் சட்டம் வகுக்க, மறு ஆண்டே எட்டாவது சர்க்யூட் நீதிபதியானார். 14 மாவட்டங்களை வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை வண்டியில் சுற்ற வேண்டும். சம்பளம் ஆண்டுக்கு 1,000 டாலர். அவரைச் செல்வந்தராக்கியது நிலம், நீதிபதி வேலை அல்ல. வருமானத்தைப் பற்றிக் கவலைப்படும் நீங்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள்.

1860-ல் நீதிபதியாக இருந்துகொண்டே அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த குடியரசுக் கட்சியின் சிகாகோ மாநாட்டில் லிங்கனுக்காக ஆதரவு திரட்டினார். இங்கே அப்படிச் செய்தால் பதவி தங்காது. 1862-ல் லிங்கன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். நன்றிக்கடன் என்று பேசியவர்கள் 1866-ன் மில்லிகன் தீர்ப்பைப் பார்க்க வேண்டும். ராணுவம் சாராத சாதாரண நீதிமன்றம் இயங்கும் இடத்தில் குடிமகனை ராணுவ நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று எழுதியவர் டேவிஸ்தான்; மில்லிகன் என்ற குடிமகனை விசாரித்த ராணுவ நீதிமன்றமோ லிங்கன் தொடங்கிவைத்த ஏற்பாடு. 1877-ல் நீதிபதி பதவியை உதறி செனட்டுக்குப் போனார்.

ஆக, சன்னது எளிதாகக் கிடைத்த காலத்திலேயே டேவிஸ் பட்டம், சீனியர், சட்டப் பள்ளி மூன்றின் வழியாகத்தான் வந்தார். இங்கே குறுக்கு வழியே கிடையாது. பிளஸ் டூவுக்குப் பிறகு 5 ஆண்டுப் படிப்பு, அல்லது ஒரு பட்டம் முடித்து 3 ஆண்டு. பிறகு பார் கவுன்சில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. சிவில் நீதிபதித் தேர்வு எழுத 3 ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பார் தேர்வில் தேறுவதற்கு முன்பே பார் கவுன்சில் தரும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அதைக் கணக்கிடுவார்கள். 10 ஆண்டு அனுபவமுள்ள வக்கீலின் சான்றும் அதன்மேல் நீதித்துறை அதிகாரியின் ஒப்புதலும் கேட்பார்கள். எனவே பதிவு செய்த வாரமே ஒரு சீனியரிடம் சேரட்டும். ஆஜரான வழக்குகளின் எண்ணையும் தேதியையும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.